பின்பக்க டிஃபரன்ஷியலில் ஆயில் ஒழுகுகிறதா? கேள்வி பதில்

பின்சக்கரம் உந்தும் வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து டிஃபரன்ஷியல் ஒழுகல் பற்றிக் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. என்ஜினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டிதான் டிஃபரன்ஷியல். வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தே பாதி வயதைக் கழித்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: வண்டியை நிறுத்தும் இடத்தில் பின்சக்கரங்களுக்கு நடுவே ஆயில் சொட்டியிருக்கிறது. நின்றபடியே பார்த்துவிட்டு, “பினியன் சீல் போயிடுச்சு, மாத்திடலாம்” என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

பதில்: அடியில் புகுந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் நம்பலாம். டிஃபரன்ஷியலுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் பல்சக்கரத் தண்டு பினியன்; அதைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் பினியன் சீல். முதலில் அது டிஃபரன்ஷியல் ஆயில்தானா என்று பாருங்கள். விரலில் தொட்டு முகருங்கள். கியர் ஆயிலில் கந்தகம் சேர்ந்த கலவை உண்டு. அதனால் ஒரு வீச்சம் அடிக்கும். ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது, சட்டையில் பட்டால் லேசில் போகவும் செய்யாது. அந்த வாடை இல்லாமல் சிவப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலாக இருக்கலாம். கறுத்து, மெல்லியதாக இருந்தால் என்ஜின் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். ஓடும் வண்டியில் காற்று எல்லாவற்றையும் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். கியர்பாக்ஸின் பின் சீலில் ஒழுகியது டிஃபரன்ஷியலில் படிந்து, பழி இதன் மேல் விழுந்த வண்டிகள் என் கையில் எத்தனையோ வந்திருக்கின்றன.

கியர் ஆயில்தான் என்று தெரிந்தால், அடுத்த வேலை கழுவுவது. டீகிரீசர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஹவுசிங்கின் (டிஃபரன்ஷியலின் வெளிக்கூட்டின்) பெயின்ட் தெரியும் வரை கழுவுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதானால் சீல் மேலும் பிரீதர் (உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் சின்னக் குழாய்) மேலும் நேராக அடிக்காதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு 20, 30 கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் கோடு இழுத்திருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலேயும் முன்னாலேயும் போங்கள். எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஓட்டை. சொட்டுகிற இடத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

கியர்பாக்ஸிலிருந்து வரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முன்மூக்கில் ஈரம், அதற்கு நேர் மேலே வண்டியின் அடித்தகட்டில் கோடு போட்டதுபோல ஆயில் தெறித்திருக்கிறது என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, பினியன் சீல்தான். அந்தத் தண்டைப் பினியனோடு இணைக்கும் ஃபிளாஞ்ச் சுற்றும்போது ஆயிலை வீசியடித்திருக்கிறது. பின்புறத் தகட்டின் விளிம்பில் ஈரம் என்றால் கவர் கேஸ்கட், அதாவது அந்த மூடித் தகட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்பு. அடியில் மட்டும் என்றால் டிரெய்ன் பிளக்கின் வாஷரைப் பாருங்கள். சக்கரத்தின் உட்புறம், டயரின் உள்சுவர் நனைந்திருந்தால் ஆக்ஸில் சீல். ஹவுசிங்கில் ஏபிஎஸ் சென்சார் சொருகியிருக்கும் வண்டிகளில் அதன் ஓ-ரிங்கும் ஒழுகும். அதை யாருமே பார்ப்பதில்லை.

கேள்வி: ஒரே பினியன் சீலை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. சில மாதங்களில் மறுபடி ஒழுகுகிறது. போலி சீலா?

பதில்: மூன்றுமே போலியாக இருக்க வாய்ப்புக் குறைவு. முதலில் பிரீதரைப் பாருங்கள். ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல் சின்னத் தொப்பி போட்ட குழாய் ஒன்று இருக்கும். சில வண்டிகளில் ரப்பர் ஹோஸ் போட்டு மேலே ஏற்றியிருப்பார்கள். ஓட ஓட டிஃபரன்ஷியல் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேறும் வழி இதுதான். சேறும் தூசியும் அடைத்துக்கொண்டால் காற்று எங்கே போகும்? சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு, கூடவே ஆயிலையும் அழைத்துக்கொண்டு வெளியே வரும். நீங்கள் எத்தனை புது சீல் போட்டாலும் இதே கதைதான். தொப்பி விரலால் சுற்ற அசைய வேண்டும். ஹோஸ் இருந்தால் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். செலவே இல்லாத வேலை என்பதாலோ என்னவோ, இதை யாரும் முதலில் செய்வதில்லை.

பிரீதர் சுத்தம் என்றால் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுற்றும் திசையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது பல்லுக்குப் பல் விட்ட இடைவெளி. மேல்-கீழாகவோ முன்-பின்னாகவோ கையில் தெரிகிற அளவுக்கு ஆடினால் பினியன் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் ஆடும்போது எந்தச் சீலும் நிற்காது. மூன்றாவது, சீல் உட்காரும் இடத்தில் ஃபிளாஞ்சில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் புது ஃபிளாஞ்ச் போட வேண்டும், அல்லது அதன் மேல் மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் ஏற்ற வேண்டும்.

கேள்வி: பின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே ஈரம். பிரேக் ஃப்ளூயிடா, ஆக்ஸில் ஆயிலா?

பதில்: கெட்டியாகவும் வீச்சமாகவும் இருந்தால் ஆக்ஸில் ஆயில். தண்ணியாக, வாடை அதிகம் இல்லாமல், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து போனால் பிரேக் ஃப்ளூயிட். வீல் சிலிண்டர் போயிருக்கிறது. பானட்டுக்குள் பிரேக் ஃப்ளூயிட் டப்பாவின் அளவு இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். எதுவானாலும் நனைந்த பிரேக் ஷூவை பெட்ரோலில் கழுவிப் போடாதீர்கள். லைனிங் ஆயிலைக் குடித்துவிட்டால் சூடாகும்போது மறுபடி கக்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் புது ஷூ போடுங்கள். இதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: பினியன் சீலை வீட்டிலேயே மாற்றலாமா? நட்டைக் கழற்று, சீலைப் போடு, நட்டை முறுக்கு. அவ்வளவுதானே?

பதில்: அந்த ‘அவ்வளவுதானே’தான் எனக்கு ஒரு கிரவுனையும் (பினியனோடு பல் கோத்துச் சுற்றும் பெரிய பல்சக்கரம்) பினியனையும் தின்றது. கற்றுக்கொண்டிருந்த காலத்தில், நட்டை நீளக் கம்பி போட்டு மூச்சுப் பிடித்து முறுக்கினேன். கொஞ்ச நாளில் வண்டி விசில் அடிக்கத் தொடங்கியது, பிறகு ஊளையிட்டது. பேரிங் வெந்துபோயிருந்தது.

காரணம் இதுதான். பல வண்டிகளில் இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கும். நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய இறுக்கத்தைத் தரும். நசுங்கியது மறுபடி நிமிராது. அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது ஸ்லீவ்தான். அதனால் கழற்றுவதற்கு முன்பே அளக்க வேண்டும். பின்சக்கரங்களையும் டிரம்மையும் எடுத்துவிட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் பிரித்துவிட்டு, சின்ன அளவுகளைக் காட்டும் முள் வைத்த டார்க் ரெஞ்ச்சால் பினியனை மெதுவாகச் சுற்றி, எவ்வளவு இழுவை என்று குறித்துக்கொள்ளுங்கள். நட்டு, பினியன் நுனி, ஃபிளாஞ்ச், ஷாஃப்ட் எல்லாவற்றிலும் ஒரே நேராகப் பெயின்ட் கோடு போடுங்கள். நட்டைச் சுற்றுகிற சுற்றையும் எண்ணுங்கள்.

புது சீலின் உதட்டில் ஆயில் தடவுங்கள்; உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கில் கொஞ்சம் கிரீஸ் அடைத்தால் தட்டும்போது கழன்று ஓடாது. ஸ்பிரிங் உள்ள முகம் ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். சீலின் வெளி விளிம்பு அளவுக்குப் பொருந்தும் குழாயை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். சுத்தியலால் ஒரு ஓரத்தில் அடித்தால் கோணிக்கொள்ளும். ஃபிளாஞ்சின் உள் பல்வரிசை வழியாகவும் ஆயில் ஊர்ந்து நட்டுப் பக்கம் வரும், அங்கே மெலிதாகச் சீலன்ட் தடவுவது நல்லது. பிறகு புது நட்டு. கோடு சேரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, இழுவையை அளந்து, முன்பு குறித்ததைவிட மயிரிழை கூடுதலாக வந்ததும் நிறுத்துங்கள். உங்கள் வண்டியின் கையேடு புது ஸ்லீவ் போடச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். ஸ்லீவுக்குப் பதில் ஷிம் (மெல்லிய உலோக வளையம்) வைத்த ஆக்ஸிலும் உண்டு, அதற்கு நேரடியாக டார்க் கணக்கு கொடுத்திருப்பார்கள். முள் ரெஞ்ச் இல்லையென்றால் இந்த வேலையில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது எதையும் பிடிக்காது. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள்.

கேள்வி: கவர் கேஸ்கட் கிடைக்கவில்லை. சிலிக்கான் பேஸ்ட் போதுமா?

பதில்: போதும். பல வண்டிகள் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருகின்றன. கியர் ஆயிலைத் தாங்கும் ரகமாக வாங்குங்கள். இரண்டு முகத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். ஒரு சொட்டு ஆயில் இருந்தாலும் ஒட்டாது. தகடு வளைந்திருக்கிறதா என்று சமதளத்தில் வைத்துப் பாருங்கள். பேஸ்டை அறுபடாத ஒரே கோடாக, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக இழுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட்ட பிறகே ஆயில் ஊற்றுங்கள். அந்தப் பொறுமை இல்லாததால்தான் பாதிப் பேருக்கு மறுநாளே ஒழுகுகிறது.

கேள்வி: எந்த ஆயில், எவ்வளவு?

பதில்: கையேட்டில் உள்ளது. பெரும்பாலும் ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 இருக்கும். கிரவுனும் பினியனும் பல்லோடு பல் வழுக்கிக்கொண்டு உரசும் அமைப்பு என்பதால் ஜிஎல்-4 தாங்காது. லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் ரகம்) என்றால் அதற்கென்று உள்ள கலவை சேர்ந்த ஆயில் வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் உதறும்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நின்றால் போதும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஊற்றினால் அது ஆக்ஸில் குழாய் வழியாக ஓடி சக்கரத்தில் ஒழுகும். அப்புறம், டிரெய்ன் பிளக்கைத் தொடுமுன் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஆயிலையெல்லாம் வடித்துவிட்டு, ஊற்றும் பிளக் துருப்பிடித்துத் திறக்காமல் விழித்தவர்கள் உண்டு.

கேள்வி: வடித்த ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருக்கிறது.

பதில்: தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். உடனே மாற்றுங்கள்; கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு தடவையும் மாற்றுங்கள். பிளக் காந்தத்தில் கறுப்பு மை போல ஒட்டியிருப்பது சகஜம். துண்டு துண்டாக இரும்பு வந்தால் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: என்னுடையது முன்சக்கரம் இழுக்கும் சாதாரணக் கார். அதற்கும் பின்னால் ஈரம் இருக்கிறதே?

பதில்: உங்கள் காருக்குப் பின்னால் டிஃபரன்ஷியலே கிடையாது! ஷாக் அப்சார்பர், பிரேக் சிலிண்டர் இரண்டையும் பாருங்கள். சைலன்சர் நுனியில் சொட்டினால் அது வெறும் தண்ணீராக இருக்கும்.

கேள்வி: ஒழுகலை நிறுத்தும் மருந்து ஊற்றலாமா?

பதில்: காய்ந்து இறுகிய ரப்பரை அது கொஞ்சம் உப்ப வைக்கும், சில நாள் தாங்கும். கிழிந்த சீலையோ பள்ளம் விழுந்த ஃபிளாஞ்சையோ ஒன்றும் செய்யாது. நான் ஊற்றியதில்லை.

கேள்வி: சொட்டவில்லை, சுற்றிலும் தூசி ஒட்டிய ஈரம் மட்டும்தான். நாளை மறுநாள் நீண்ட பயணம். போகலாமா?

பதில்: பிரீதரைச் சுத்தம் செய்துவிட்டு, ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். விளிம்பிலேயே ஆயில் தட்டுப்பட்டால் தாராளமாகப் போகலாம். விரல் வளைத்தும் எட்டவில்லை என்றால் ஊற்றி நிரப்பாமல் கிளம்பாதீர்கள். போகிற வழியில் வேகம் கூட்டும்போதோ ஆக்சிலரேட்டரை விடும்போதோ பின்னாலிருந்து புதிதாக ஊளை கேட்டால் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, ஹவுசிங் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பாருங்கள். கையை நேராக வைத்துவிடாதீர்கள், கொஞ்சம் தள்ளிப் பிடித்தாலே தெரியும்.