ஏற்றம் 20, இறக்கம் 30: சராசரி ஏன் 25 இல்லை?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகக் காரில் ஊட்டிக்குப் போய், அதே வழியில் திரும்பிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒரு வழிக்குச் சுமார் 50 கி.மீ. ஏறும்போது மணிக்கு 20 கி.மீ. வேகம், இறங்கும்போது 30. சராசரி 25தானே? காரின் திரை 24 என்று காட்டுகிறது. அதில் கோளாறா?"

காரில் கோளாறு இல்லை ஐயா, கணக்கில்தான். வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தபோது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சரிபங்கு கொடுத்துவிட்டீர்கள். தூரம் சமம்தான், நேரம் சமமில்லையே! ஏறுவதற்கு 150 நிமிடம், இறங்குவதற்கு 100 நிமிடம். கொண்டை ஊசி வளைவில் லாரிக்குப் பின்னால், இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு நகர்ந்த நேரமே அதிகம். சராசரியும் அந்தப் பக்கம்தான் சாயும். 100 கி.மீ. தூரத்தை 250 நிமிடத்தால் வகுத்து 60ஆல் பெருக்குங்கள்: 24.

நிமிடத்தில் போடச் சொல்வது காரணத்தோடுதான். 1 மணி 40 நிமிடத்தைக் கால்குலேட்டரில் 1.40 என்று தட்டுபவர்கள் ஏராளம். அப்படித் தட்டினால் விடை 25.6 என்று வந்து நிற்கும்.

இரண்டு மணி நேரம் 20, அடுத்த இரண்டு மணி நேரம் 30 என்று ஓட்டியிருந்தால் உங்கள் 25 சரி. மற்றபடி எத்தனை துண்டுகளாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் நேரமாக மாற்றிக் கூட்டுவதுதான் வழி. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரையிலான சுமார் 35 கி.மீ. தூரத்தை 42 வேகத்தில் ஓட்டியிருந்தால் 50 நிமிடம். அதோடு மலையேற்றமும் சேர்ந்தால் 85 கி.மீ., 200 நிமிடம், சராசரி 25.5.

இன்னொரு வேடிக்கை. 20இல் ஏறிவிட்டு, போய்வந்த பயணம் முழுவதற்கும் சராசரி 40 வேண்டும் என்றால் எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும்? 60 என்று பலரும் சொல்வார்கள். 100 கி.மீ. தூரத்தை 40இல் கடக்க 150 நிமிடம். அது முழுவதும் ஏறும்போதே தீர்ந்துவிட்டது. ராக்கெட்டில் இறங்கினாலும் நடக்காது. இதே வகைப் புதிரை உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் ஐன்ஸ்டீனுக்கு எழுதி அனுப்பினார். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை என்பது தமக்குத் தெரிந்ததாக அவரும் ஒப்புக்கொண்டார்.

குன்னூரில் தேநீருக்கு நின்ற கால் மணி நேரத்தைச் சேர்ப்பதா? ரயில்வே சேர்க்கிறது. அகலப்பாதையில் இரு திசையிலும் சராசரி 55 கி.மீ. இருந்தால்தான் அதிவிரைவு ரயில் என்கிறார்களே, அது நிலையங்களில் நிற்கும் நேரத்தையும் உள்ளடக்கிய கணக்கு. கார்களில் இது மாடலுக்கு மாடல் மாறும். எஞ்சினை அணைத்த நேரத்தைச் சில கணக்கில் எடுப்பதில்லை. அடுத்த முறை கிளம்பும்போது திரையைச் சுழியமாக்கிவிட்டு, கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.