பழைய எரிமலைப் படங்களில் தெரியும் லாவாவின் நிறம் நிஜமா?

1940, 50-களில் எடுத்த வண்ணப் படங்களில் லாவா ஒன்றில் ரத்தச் சிவப்பாகவும் இன்னொன்றில் ரோஸாகவும் இருக்கிறதே, எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரோஸை முதலில் தள்ளிவிடுங்கள். அது ஃபிலிம் கெட்டுப்போன நிறம். 1950-ல் வந்த ஈஸ்ட்மன்கலர் வகைப் பழைய பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். அது போனால் புகை, வானம், சாம்பல் எல்லாவற்றிலும் ரோஸ் ஏறிக்கொள்ளும். இது தெரியாமல், அப்படியொரு பிரதியைப் பார்த்துவிட்டு "புகையில் ஏதோ ரசாயனம்" என்று நண்பர்களிடம் அளந்தவன் நான்.

1935-ல் 16 மி.மீ. ஃபிலிமாக வந்த கோடாக்ரோம் வேறு ரகம். இருட்டில் வைத்திருந்தால் சாயம் பல பத்தாண்டுகள் நிற்கும். மெக்சிகோவில் 1943 பிப்ரவரியில் ஒரு மக்காச்சோளக் கொல்லையில் முளைத்த பரிகூட்டின் எரிமலையெல்லாம் வண்ணத்தில் பதிவாகும் காலம் வந்தது இப்படித்தான். ஆனால் கோடாக்ரோமுக்கு ஒளி நிறைய வேண்டும். அன்றைய அதன் வேகம், அதாவது ஒளியை உணரும் திறனைச் சொல்லும் எண் (இன்றைய ISO போல), சுமார் 10தான். இன்றைய கேமராக்களில் 100-க்குக் கீழே போவதே அபூர்வம். அதனால் இரவில் எடுத்தால் லாவா மட்டும் தெரியும், மலையே இருக்காது. ஒளி போதாத இடத்தில் ஆரஞ்சும் அடர் சிவப்பாக இறங்கிவிடும். உங்கள் ரத்தச் சிவப்பில் பாதி அதுதான்.

அதற்கும் முந்தைய, மௌனப்பட காலத்து 'சிவப்பு' எரிமலை என்றால், கருப்பு வெள்ளைப் பிரதியைச் சாயத்தில் முக்கியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நீலத்தையும் பச்சையையும் மட்டுமே உணர்ந்த அந்தக்கால ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது!

சரி, எதைத்தான் நம்புவது? நான் நிறத்தை விட்டுவிட்டு நிற வரிசையைப் பார்ப்பேன். ஹவாயில் 1959 நவம்பரில் வெடித்த கிலாவேயா இக்கி என்ற எரிமலைவாயின் வண்ணக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். லாவா ஊற்று ஒரு கட்டத்தில் 580 மீட்டர் வரை எழுந்தது. அடியில் மஞ்சள், மேலே போகப் போக ஆரஞ்சு, சிதறி விழும்போது சிவப்பு, தரையில் கொஞ்ச நேரத்தில் கருப்பு. சுமார் 1,150 டிகிரி செல்சியஸிலிருந்து சூடு இறங்கும் வரிசை அது. சாயம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இந்த வரிசை மாறாது.

இந்தக் காட்சிகளுக்காக உயிரே போயிருக்கிறது. ஐஸ்லாந்தின் ஹெக்லா 1947-ல் வெடித்தபோது, நவம்பர் 2 அன்று லாவாவின் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த ஸ்டெயின்தோர் சிகுர்ட்சன் என்ற விஞ்ஞானி, கனன்றபடி உருண்டு வந்த பாறை மோதி அங்கேயே இறந்தார்.

அப்புறம், இந்தப் படங்களில் வரும் உறுமல் சத்தம். சாவி கொடுத்து ஓட்டிய அன்றைய சின்ன 16 மி.மீ. கேமராக்கள் ஊமை. உங்கள் காதில் விழுந்த சத்தம் பெரும்பாலும் பிற்பாடு யாரோ ஒட்டியது.