ஆறு எச்.ஐ.வி. ரிப்போர்ட்டும் நெகட்டிவ், ஆனாலும் பயம் விடவில்லை

வணக்கம் மேடம்,

பெயர் வேண்டாம். வயது 34. கல்யாணமாகி ஆறு வருடம், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இதை எழுத ஆரம்பித்து நாலு தடவை அழித்துவிட்டேன், இந்த முறையாவது அனுப்பிவிட வேண்டும்.

ஏழு மாதத்துக்கு முன்னால் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தபோது பணம் கொடுத்து ஒரு பெண்ணிடம் போனேன். குடித்திருந்தேன் என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை, தெரிந்துதான் போனேன். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஆணுறை இருந்தது, வாய்வழி உறவின்போதும்கூட. கிழியவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்தம் கொடுத்துக்கொண்டோம். கிளம்பும்போது அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, நான் அடிக்கடி டெஸ்ட் எடுத்துக்குவேன்" என்றார். அந்த நிமிஷத்தில்தான் பயமே வந்தது. எதற்கு அடிக்கடி எடுக்க வேண்டும்?

அன்று என் கட்டைவிரல் நகத்தோரம் தோல் உரிந்திருந்தது என்பது மூன்றாவது நாள் ஞாபகம் வந்தது. 19-ஆம் நாள் தொண்டை வலி. அன்று ராத்திரி முழுக்க போனில் தேடித் தேடிப் படித்தேன், படித்த ஒவ்வொரு அறிகுறியும் எனக்கு இருந்தது. மறுநாளே டெஸ்ட். நெகட்டிவ். சீக்கிரம் எடுத்துவிட்டோம் என்று 31-ஆம் நாள், 46-ஆம் நாள், 60-ஆம் நாள், 92-ஆம் நாள், கடைசியாகப் போன மாதம், அதாவது ஆறு மாதம் முடிந்ததும். எல்லாமே கையில் ரத்தம் எடுத்து லேபில் செய்தது, ஆன்டிஜென் (வைரஸின் பகுதி), ஆன்டிபாடி (அதை எதிர்த்து உடம்பு உண்டாக்குவது) இரண்டும் பார்க்கும் டெஸ்ட். எல்லாம் நெகட்டிவ். ரிப்போர்ட் வந்ததும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நிம்மதி. அப்புறம் பழையபடி. கடைசி டெஸ்டுக்கு வெட்கப்பட்டு பொய்ப் பெயர் கொடுத்தேன், இப்போது அந்த ரத்தம் வேறு யாருடையதோடாவது மாறியிருக்குமோ என்று ஓடுகிறது.

நாக்கு வெள்ளையாக இருக்கிறதா என்று தினமும் போட்டோ எடுத்து வைக்கிறேன், 200-க்கு மேல் இருக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திக்கொண்டே இருக்கிறேன், வலிக்கிறது. ஆறு கிலோ குறைந்துவிட்டேன். என் துணியைத் தனியாகத் துவைக்கிறேன். போன வாரம் குழந்தை என் டம்ளரில் தண்ணீர் குடிக்கப் போனாள், வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன், அவள் பயந்து அழுதாள். மனைவியைத் தொட்டு ஏழு மாதமாகிறது. "நான் என்ன தப்பு பண்ணேன், அதையாவது சொல்லுங்க" என்று கேட்டாள். என்ன சொல்வது?

நான் இயல்பில் பயந்தவன் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண்ணோடு இரண்டு வருடம் பழக்கம் இருந்தது, அப்போதெல்லாம் ஆணுறை பற்றி யோசித்ததே இல்லை. இப்போது ஏன் இப்படி ஆனேன் என்று தெரியவில்லை. சில ராத்திரி, காலையில் கண் விழிக்காமல் போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது.

இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டுமா? மனைவியிடம் சொல்லிவிட வேண்டுமா? ஒரு பதில் சொல்லுங்கள்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லை. நீங்கள் எடுத்த வகை டெஸ்ட், தொற்று ஏற்பட்டிருந்தால் 18 நாளிலிருந்து 45 நாளுக்குள் காட்டிவிடும். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் டெஸ்டுக்குத்தான் 90 நாள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். நீங்கள் இரண்டு கெடுவையும் தாண்டி, பழைய டெஸ்ட்கள் இருந்த காலத்தில் சொல்லிக்கொண்டிருந்த ஆறு மாதத்தையும் தாண்டிவிட்டீர்கள். கடைசி ரத்தம் மாறிப்போயிற்று என்றே வைத்துக்கொள்வோம், 46-ஆம் நாளும் 92-ஆம் நாளும் உங்கள் சொந்தப் பெயரில்தானே கொடுத்தீர்கள்? இன்னொரு டெஸ்ட் வேண்டாம்.

இதை நான் ஒரு முறைதான் சொல்வேன், மறுபடி எழுதிக் கேட்டாலும் சொல்லமாட்டேன். கடுமையாகத் தெரியும். ஆனால் மேலே இருக்கிற பத்தியை நீங்கள் இன்றைக்கே பத்துத் தடவை படிக்கப்போகிறீர்கள், படிக்கப் படிக்க "எழுதுகிறவர் டாக்டர் இல்லையே" என்று ஒரு சந்தேகம் முளைக்கும். ரிப்போர்ட் தந்த நிம்மதி இரண்டு நாளில் தீர்ந்த மாதிரி என் வார்த்தையும் தீர்ந்துபோகும். உங்கள் நோய் அங்கேதான் இருக்கிறது. பயம் வருகிறது, அதை அடக்க ஒரு காரியம் செய்கிறீர்கள், டெஸ்டோ போட்டோவோ கழுத்தை அழுத்துவதோ, கொஞ்ச நேரம் அடங்குகிறது. "சரிபார்த்ததால்தான் பிழைத்தோம்" என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம், இன்னும் பலமாகக் கேட்கிறது. உடல்நலப் பதற்றம் என்பது இதுதான். உங்களுக்கு அது, ஒரே எண்ணமும் சரிபார்ப்பும் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) ஓரத்தில் வந்து நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, நேரில் பார்க்கும் மருத்துவர்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த இரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆணுறையே இல்லாமல், எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஒரு பெண்ணோடு ஓர் ஆண் ஒரு முறை பெண்ணுறுப்புவழி உறவு கொண்டால்கூட அவனுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-இல் 4 அளவுதான் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். உங்களுக்கோ கிழியாத ஆணுறை இருந்தது, அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருந்ததாக எந்தத் தடயமும் இல்லை. (இப்போது உங்கள் மனசு எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்று தெரியும். "அந்த 4 பேரில் ஒருவனாக நான் இருந்தால்?" எந்த எண்ணைக் கொடுத்தாலும் அங்கேதான் போகும், அதனால்தான் எண்கள் உங்களைக் காப்பாற்றவில்லை.) முத்தத்தில், எச்சிலில் அது பரவாது. உடலுக்கு வெளியே வந்த வைரஸ் வெகு சீக்கிரம் வீரியம் இழந்துவிடும், உரிந்த நகத்தோல் அதற்கு வாசல் இல்லை. அடிக்கடி டெஸ்ட் எடுப்பதாக அவர் சொன்னது பொறுப்பான பேச்சு. அந்த அறையில் உங்கள் இருவரில் பொறுப்பாக நடந்துகொண்டவர் அவர்தான் என்றுகூடச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தொண்டை வலி யாருக்கும் வரும். ஆரம்பக் கட்ட எச்.ஐ.வி.யில் இரண்டு முதல் நாலு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு எல்லாம் வரலாம் என்பது உண்மை. அவை சாதாரண சளிக் காய்ச்சலிலும் வரும், அறிகுறியை வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. கழுத்து வலிப்பது நீங்கள் அழுத்துவதால். எடை குறைவதை மட்டும் பொது மருத்துவர் ஒருவர் ஒரே ஒரு தடவை பார்க்கட்டும், சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் ஏழு மாதம் கிடந்தால் யாருக்கும் எடை இறங்கும்தான்.

சரி, இனிமேல்தான் நான் பேச நினைத்ததே. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் ஆணுறை இல்லாத உறவு, ஒரு நாளும் பயந்ததில்லை. வைரஸ் கணக்குப்படி பார்த்தால் பயந்திருக்க வேண்டிய காலம் அதுதானே? அதற்காக ஒரு டெஸ்டுக்காவது போனதாக நீங்கள் எழுதவில்லை. ஒரே ஒரு இரவுக்கு, அதுவும் பாதுகாப்போடு இருந்த இரவுக்கு, ஆறு எடுத்திருக்கிறீர்கள். அந்த உறவில் உங்களுக்குக் குற்றவுணர்வு இல்லை, இந்த இரவில் இருக்கிறது. செய்த காரியத்துக்குத் தண்டனை வந்தே தீரும் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டீர்கள், எந்த வழியாக வரும் என்று உடம்பு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நெகட்டிவ் என்று வந்ததும் மனசு ஆறாமல் போவது அதனால்தான். ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று லேபுக்குச் சொல்லத் தெரியும், நீங்கள் மன்னிக்கப்பட்டீர்களா என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

இன்னொன்று, இதை எச்.ஐ.வி. உள்ளவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அது இப்போது தண்டனையும் இல்லை, மரண ஓலையும் இல்லை. 1996-லிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. இன்று பலர் தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழ்கிறார்கள். மருந்தால் ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாதபடி குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், உறவின் மூலம் துணைக்குப் பரவுவதும் இல்லை. உண்மையிலேயே ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டிய தடுப்பு மருந்தும் உண்டு. உங்களுக்கு அது தேவைப்படவில்லை.

செய்ய வேண்டியதற்கு வருவோம். நாக்குப் போட்டோக்களை இன்றைக்கே அழியுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க வேண்டாம், மொத்தமாக. போனில் தேடுவதை நிறுத்துங்கள். கழுத்துக்குக் கை போகும்போது கையைக் கீழே இறக்கி, பதற்றம் ஏறுவதை ஏறவிடுங்கள். முதல் சில நாள் கொடுமையாக இருக்கும், இப்போது இருப்பதைவிட மோசமாகக்கூட, அது தப்பான பாதை என்பதற்கு அடையாளம் இல்லை. நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் அது ஏறி, நின்று, இறங்கும் என்பதை உடம்பே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். துணியை எல்லாரோடும் சேர்த்துத் துவையுங்கள். உங்கள் டம்ளரை நீங்களே எடுத்துக் குழந்தையிடம் கொடுங்கள், மனசு கத்தினாலும் கொடுங்கள். தனியாகச் செய்வது கஷ்டம் என்பதால், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (சி.பி.டி., எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) தெரிந்த உளவியலாளர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால் போடுங்கள், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

மனைவியிடம் சொல்வதா? இன்றைக்கு வேண்டாம். ஒளித்துவையுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த நிலையில் சொன்னால் அதுவும் ஏழாவது டெஸ்ட் மாதிரிதான் ஆகும், உங்கள் பாரத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டு இரண்டு நாள் நிம்மதி. பதற்றம் தணிந்து, அவர் அழுகையையும் கோபத்தையும் நின்று கேட்கத் தெம்பு வந்த பிறகு முடிவெடுங்கள். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்றைக்கே பதில் உண்டு. "நீ ஒரு தப்பும் பண்ணல. எனக்கு மனசு சரியில்ல, டாக்டரைப் பார்க்கப்போறேன்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவரை நெருங்குவதற்கு முன்னால் சிஃபிலிஸ், கொனோரியா, ஹெபடைடிஸ் பி போன்றவற்றுக்கு ஒரு மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டு முடித்துவிடுங்கள், ஆணுறை அவற்றின் ஆபத்தையும் பெருமளவு குறைத்திருக்கும், ஆனாலும் அவருக்கு நீங்கள் செய்ய வேண்டிய நியாயம் அது. ஒரு தடவை என்றால் ஒரு தடவை.

கண் விழிக்காமல் போனால் நல்லது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், இந்த வாரமே. அந்த எண்ணம் "எப்படி" என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால் அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்காதீர்கள். யாரையாவது எழுப்பி அழைத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும்.

போகும்போது அந்த ஆறு ரிப்போர்ட் ஃபைல் வேண்டாம். எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் போங்கள். வாய் வரவில்லையென்றால் அப்படியே அவர் கையில் கொடுத்துவிடலாம்.