நோட் சரி, நடனம் எங்கே?

கேள்வி: வயலின், புல்லாங்குழல், செல்லோ, கீபோர்டு என நாங்கள் நால்வர். பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரனின் ‘கான்செர் ருவாயோ’ (அரச கச்சேரிகள்) வரிசையில் முதலாவதை வாசித்துப் பழகுகிறோம். நோட் பிசகவில்லை. ஆனாலும் அதிலுள்ள சாராபாண்ட், கவோத், மெனுவே ஆகிய நடனப் பகுதிகள் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. வேகத்தை மாற்றியும் பலனில்லை.

பதில்: வேகத்தைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரே எடை கொடுப்பதுதான் கோளாறு. பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனையில் 1714, 1715-இல் ஒலித்து, 1722-இல் அச்சான இசை இது. ஆடுவதற்கல்ல, கேட்பதற்கு. ஆனால் கேட்டவர்கள் அந்த நடனங்களைக் காலால் அறிந்தவர்கள். எந்த பீட்டில் உடல் எழும், எதில் இறங்கும் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நமக்கு வேண்டியிருக்கிறது.

மெனுவேயில் தொடங்குங்கள். அதில் மூன்று பீட் சேர்ந்தது ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று. அதன் அடிப்படை அடவு இரண்டு பார் நீளம்: ஆறு பீட்டுக்குள் நான்கு காலடி. நீங்கள் மூன்று மூன்றாக எண்ணினால் ஒவ்வொரு பாரின் தலையிலும் ஒரு இடி விழும். ஆறாக எண்ணுங்கள், இரண்டாவது பாரின் முதல் பீட் தானாக இலேசாகிவிடும்.

சாராபாண்டில் எடை இரண்டாவது பீட்டுக்கு நகரும். அழுத்தி வாசித்தால் முரட்டுத்தனமாகிவிடும். முதல் பீட்டில் வில்லைச் சிக்கனமாக இழுத்து, இரண்டாவதில் தாராளமாக விடுங்கள். மூன்றாவது வெறும் மூச்சு.

பலரும் தடுக்கி விழுவது கவோத்தில்தான். அது பாரின் நடுவில் தொடங்கும்: கால் பங்கு நீளமுள்ள இரண்டு நோட், பிறகே பாரின் தலை. தலையில் வில் கீழ்நோக்கி வர வேண்டும் என்பது பிரெஞ்சு வழக்கம். இசையமைப்பாளர் முஃபாட் 1698-இலேயே இதை எழுதிவைத்தார். அப்படி வர, தொடக்க நோட்டும் கீழ்வில்லில்தான் அமையும். கை பழக்கதோஷத்தில் அங்கேயே அழுத்தம் கொடுக்கும், நடனம் அரை பார் தள்ளிப்போகும். வில்லின் நடுப்பகுதியில், கையின் பாரத்தை இறக்காமல் தொடங்கிப் பாருங்கள். “மூன்று, நான்கு, ஒன்று” என்று வாய்விட்டு எண்ணுவதும் உதவும்.

அடுத்தது, சமமாக எழுதியதைச் சமமில்லாமல் வாசிப்பது. படிப்படியாக ஏறி இறங்கும் சின்ன நோட்டுகளை இரண்டிரண்டாக, முதலாவது நீளம், அடுத்தது குறுக்கம் என்று வாசிப்பது அன்றைய பிரெஞ்சு மரபு. மெனுவேயில் இது எட்டிலொரு நோட்டுகளுக்குப் பொருந்தும். திஸ்ரம்போல் இரண்டுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்ட வேண்டாம். பெரும்பாலும் அதைவிடக் குறைவே அழகு. தாவிச் செல்லும் நோட்டுகளில் வேண்டாம். கவோத்திலும் வேண்டாம்: “சமமான நோட்டுகள், இழைத்து” என்று கூப்பரனே அதன் தலையில் குறித்திருக்கிறார். விலக்கை எழுதியிருக்கிறார் என்றால் வழக்கம் எதுவென்று புரியும். ட்ரில்களை, அதாவது அடுத்தடுத்த இரு நோட்டுகளை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்கும் அலங்காரங்களை, மேல் நோட்டிலிருந்து, பீட்டின் மீதே தொடங்குங்கள்.

வாத்தியப் பங்கீட்டையும் பாருங்கள். மேல் வரி இன்ன வாத்தியத்துக்கு என்று விதிக்கப்படவில்லை. வயலினும் புல்லாங்குழலும் முழுக்கச் சேர்ந்து வாசித்தால் அலங்காரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். சாராபாண்ட் புல்லாங்குழலுக்கு, கவோத் வயலினுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி மெனுவே மூன்று குரலுக்கானது. அங்கே இருவரும் வரலாம்.

கீபோர்டில் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்தின் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். பாஸ் வரியின் (கீழ்க்குரலின்) எல்லா நோட்டுக்கும் நான்கு விரலால் கார்டு (ஒருசேர ஒலிக்கும் நோட்டுகள்) போட்டால் எடை மறுபடி சமமாகிவிடும். கனமான பீட்டில் முழுக் கார்டு, இலேசானதில் பாஸ் மட்டும். செல்லோவும் ஒவ்வொரு நோட்டையும் அதன் முழு நீளத்துக்கு இழுக்க வேண்டாம்.

ஒரு நாள் மேல் வரியே இல்லாமல் செல்லோவும் கீபோர்டும் மட்டும் மெனுவேயை வாசிக்கட்டும். மற்ற இருவரும் அதற்கு நடந்து பாருங்கள். கால் எங்கே தயங்குகிறதோ, அந்த பாரில் பென்சிலால் குறியிடுங்கள்.