டம்ளர் விழுந்த பத்து நிமிடம்

கேள்வி: எனக்கு 54 வயது. வீட்டில் தினமும் என்னை வைத்துத்தான் சிரிப்பு. செல்போனை அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டு வீடெல்லாம் தேடினேன். ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். போன மாதம் மண்டபத்தில் மாடி மாறிப்போய், யாரோ வீட்டுக் கல்யாணத்தில் 500 ரூபாய் மொய் எழுதி, பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் வலது கையிலிருந்து காபி டம்ளர் தானாக நழுவி விழுந்தது. 'துடைப்பம் எடு' என்று சொல்ல வாயெடுத்தால் 'தொப்பம், தொப்பம்' என்றுதான் வருகிறது. 'அம்மா காலையிலேயே ஏத்திட்டாங்க' என்றான் மகன். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். என் அம்மாவுக்கு 76 வயதில் மறதி நோய் வந்து, கடைசியில் என்னையே 'நீ யாரு?' என்று கேட்டார். எனக்கும் அதுதான் ஆரம்பமா? முடி கொட்டுகிறது, கண்ணிமை துடிக்கிறது, முட்டியில் சொடக்குச் சத்தம். ஞாபகத்துக்காக வல்லாரை மாத்திரை சாப்பிடுகிறேன். பி.பி. நார்மலாகிவிட்டதால் அந்த மாத்திரையை மூன்று மாதமாக நிறுத்திவிட்டு, காலையில் பச்சைப் பூண்டு மென்று விழுங்குகிறேன்.

— கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

மருத்துவர் பதில்: கடிதத்தில் உங்கள் எண் இருந்ததால் இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்று மதியமே பேசினேன். 'அதான் பத்தே நிமிஷத்துல சரியாப் போச்சே டாக்டர், அமாவாசை கழிச்சுப் போறேனே' என்றீர்கள். போனை மகனிடம் கொடுக்கச் சொன்னேன். அன்று சாயங்காலமே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டதாக மறுநாள் அவர் சொன்னார். அவசரத்தில் போனில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இந்த டம்ளர் வேறு சில வீடுகளிலும் விழுந்திருக்கும்.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தை முடித்துவிடுவோம். அம்மாவுக்கு வந்தது உங்களுக்கு இப்போது வந்திருப்பதாகக் கடிதத்தில் எந்த அறிகுறியும் இல்லை. எந்த மாடி, எவ்வளவு மொய், எந்த டப்பா என்று எல்லாவற்றையும் வரிசை தப்பாமல், சிரிப்பு வரும்படி எழுதியிருக்கிறீர்கள். மறதி நோய் முற்றியவர்கள் பெரும்பாலும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. யாராவது கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். 'காலையில் என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்டால் பதில் சொல்லாமல், கூட வந்தவர் பக்கம் தலையைத் திருப்புவார்கள். 'எனக்கு ஒண்ணுமில்லை, இவதான் தேவையில்லாம இழுத்துட்டு வந்தா' என்பார்கள். கவலைப்படுவது அவர்கள் இல்லை, வீட்டார்தான்.

அரிசி டப்பாவில் செல்போனை வைத்தபோது உங்கள் மனசு குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்திருக்கும். கவனித்து உள்ளே வாங்காத ஒன்றை மூளை எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? அதோடு இந்த வயதில் மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் தூக்கம் கெடும், சட்டென்று வார்த்தை சிக்காது. தைராய்டும் பி12-ம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், போதும். எழுபதைத் தாண்டி வரும் மறதி நோய் பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும். வந்தே தீரும் என்று விதி கிடையாது. நானே ஒருமுறை மருந்துச் சீட்டில் நோயாளி பெயருக்குப் பதிலாக என் பெயரை எழுதிக் கொடுத்து, மருந்துக்கடைக்காரர் 'டாக்டருக்கு வாயுத் தொல்லையா?' என்று போன் பண்ணி விசாரித்திருக்கிறார். ஊர் முழுக்கப் பரவியது. இப்படிப்பட்டதற்கெல்லாம் சிரிக்கத்தான் வேண்டும். சிரிக்காமல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து யோசித்தால் மறுநாள் மறதி இன்னும் கூடும்.

முடி, இமை, முட்டிச் சொடக்கு மூன்றையும் விடுங்கள். வலி, வீக்கம் இல்லாத சொடக்கு வெறும் சத்தம். இமை துடித்தால் நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தக் காபி டம்ளர்.

ரசம், கல்யாண மண்டபக் கதைகளோடு சேர்த்து, அதே சிரிப்போடு, நாலு வரியில் அதை எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். மற்றதெல்லாம் நீங்கள் செய்த கூத்து. இது உங்கள் உடம்பு உங்களைக் கேட்காமல் செய்தது. பெரும்பாலானவர்களுக்கு வலது கையையும் பேச்சையும் மூளையின் இடது பக்கம்தான் பார்த்துக்கொள்கிறது. திடீரென்று இரண்டும் ஒன்றாகக் கைவிட்டு, பத்து நிமிடத்தில் ஒன்றாகத் திரும்பி வந்தால், அந்தப் பக்கத்துக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டதோ என்றுதான் எந்த டாக்டரும் முதலில் சந்தேகிப்பார். தற்காலிகப் பக்கவாதம் என்கிறோம், 'மினி ஸ்ட்ரோக்' என்றால் உங்களுக்குப் புரியும். சின்ன ரத்தக்கட்டி ஒன்று குழாயில் சிக்கி, தானாகக் கரைந்தோ நகர்ந்தோ போயிருக்கும். வலிப்பு, ஒற்றைத் தலைவலி, சர்க்கரை தாழ்ந்துபோவது ஆகியவையும் சிலசமயம் இதே வேஷம் போடும். எது என்று பிரித்துப் பார்க்கத்தான் பரிசோதனை.

'சரியாகிவிட்டதே' என்கிறீர்கள். சரியாகிவிடுவதுதான் இதன் லட்சணமே, ஆபத்தும் அங்கேதான். இப்படி வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு பழைய ஆய்வில், சுமார் பத்தில் ஒருவருக்கு 90 நாளுக்குள் முழுப் பக்கவாதமே வந்தது. அதில் பாதி, முதல் இரண்டு நாளுக்குள். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2007-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், தாமதிக்காமல் மருந்து தொடங்கியபோது அந்த ஆபத்து சுமார் 80 சதவீதம் குறைந்தது. வைத்தியத்தில் இவ்வளவு லாபம் கிடைக்கும் இடங்கள் குறைவு. உங்கள் மகன் துடைப்பத்தைத் தேடுவதற்குப் பதிலாகக் கார் சாவியைத் தேடியிருக்க வேண்டும். மூன்று வாரம் ஓடிவிட்டது, இனி என்ன என்றும் இருக்க முடியாது. அந்த 90 நாள் இன்னும் முடியவில்லை.

இனி ஒருமுறை வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கையோ காலோ தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' என்பதுதான் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி. கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பெரிய குழாய் அடைத்துக் கிடந்தால் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. ஆகவே ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும். தெருமுனை மருந்துக்கடையில் நிறுத்தி ஆலோசனை கேட்கக் கூடாது.

பக்கவாதம் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுங்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. குளிக்கும்போது முதலில் தலையில் தண்ணீர் ஊற்றினால் பக்கவாதம் வரும் என்று அதற்கு ஒரு தம்பி. தலையில் எப்போது வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளுங்கள். விரலில் மட்டும் குத்தாதீர்கள். அடைப்பு மூளையில் இருக்கும்போது விரலில் ரத்தம் எடுத்து என்ன ஆகப்போகிறது? குத்திக் குத்தியே அரைமணி போய்விடும். பக்கத்து வீட்டு மாமா தன் இதயத்துக்குப் போடும் ஆஸ்பிரின் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று ஸ்கேன் இல்லாமல் எனக்கே தெரியாது, மாமாவுக்கு எப்படித் தெரியும்? வெடித்திருந்தால் ஆஸ்பிரின் கெடுதல்.

அந்தப் பூண்டு விவகாரம். இவ்வளவு மறதியைப் பட்டியல் போட்டிருக்கிறீர்களே, பி.பி. மாத்திரையை மட்டும் நீங்கள் மறக்கவில்லை. யோசித்து, முடிவெடுத்து, நீங்களாகவே நிறுத்தியிருக்கிறீர்கள்! அம்மா, மாத்திரை போட்டதால்தான் பி.பி. நார்மலாக இருந்தது. குடைக்குள் நின்றுகொண்டு 'நனையவில்லையே' என்று குடையை மடக்கிவிட்டீர்கள். பக்கவாதத்துக்குப் பெரிய காரணங்களில் முதலில் நிற்பது ரத்தக் கொதிப்புதான். அது ஏறியதே பலருக்குத் தெரியாது, தலைசுற்றல்கூட இருக்காது. பூண்டு ரசத்துக்குப் போகட்டும். வல்லாரையைத் துவையலாக அரையுங்கள், மாத்திரையாக வேண்டாம்.

அன்றைக்கே பி.பி. 170-க்கு 100 இருந்ததாக மகன் சொன்னார், மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். ஈ.சி.ஜி., மூளை ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எடுத்தாயிற்று. கழுத்து ரத்தக் குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். குழாய் அதிகமாகச் சுருங்கியிருந்தால் அதற்குத் தனி சிகிச்சை உண்டு. ஈ.சி.ஜி.யில் துடிப்பு ஒழுங்காக இருந்தாலும், விட்டுவிட்டு வரும் தாறுமாறான துடிப்பைப் பிடிக்க ஒரு நாள் முழுக்கக் கருவி மாட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கொடுத்திருக்கும் மாத்திரைகளில் எதையும், எந்த நார்மலைப் பார்த்தும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மகனையும் அழைத்துப் போங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் முகம் எந்தப் பக்கம் இழுத்தது, கால் தள்ளாடியதா என்பது உங்களுக்குத் தெரியாது. எதிரே நின்று சிரித்தவருக்குத்தான் தெரியும். போனில் அவர் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. அவரைத் திட்ட வேண்டாம், நீங்களும்தானே சிரித்தீர்கள்.

மொய்யை நினைத்து வருத்தப்படாதீர்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே என்று, நோட்டில் இருக்கும் உங்கள் பெயரை வைத்துக்கொண்டு அந்த வீட்டார் பெண் வீடா, பிள்ளை வீடா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்.