சாஃப்ட் ரோபோட்டிக்ஸ் என்றால் சாஃப்ட்வேர் இல்லைங்க

போன வாரம் கரூரிலிருந்து ஒரு அப்பா கூப்பிட்டார். "பாப்பா பிளஸ் டூ படிக்குதுங்க. சாஃப்ட் ரோபோட்டிக்ஸ்தான் வேணும்ங்குது. சாஃப்ட்வேர் மாதிரிதானுங்களே, ஐ.டி.யில வேலை கிடைச்சிருமுங்களா?"

இல்லைங்க என்று ஆரம்பித்தவன் முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். அவரிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

இங்கே 'சாஃப்ட்' என்பது நிஜமாகவே மெத்தென்று இருப்பது. கார் தொழிற்சாலையில் நிற்கும் இரும்புக் கை கதவைத் தூக்கும். பழுத்த தக்காளியைக் கொடுத்தால் நசுக்கிவிடும். மென்ரோபோவின் விரல் சிலிக்கோன் ரப்பரில் வார்த்தது. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் காற்றறைகள். விரலின் ஒரு பக்கம் நீளும். மறுபக்கம் நீளாதபடி துணியோ காகிதமோ பதித்திருப்பார்கள். காற்றை ஏற்றினால் விரல் தானாக வளைந்து தக்காளியை அணைத்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது 2010-இல் அமெரிக்காவில் செய்து காட்டிய இன்னொரு கை. பலூனுக்குள் காபித்தூள், அவ்வளவுதான். பொருளின்மேல் பலூனை அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால் தூள் இறுகிப் பொருளைக் கவ்விக்கொள்ளும். காற்றை உறிஞ்சி அடைத்த காபிப் பாக்கெட் செங்கல் மாதிரி இருக்கிறது, ஓரத்தை வெட்டியதும் பொலபொலவென்று தளர்கிறது, இல்லையா? அதே சங்கதிதான்.

சரி, இதற்கு எந்த டிகிரி? இந்தத் துறைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். 2016-இல் ஹார்வர்டில் செய்த 'ஆக்டோபாட்' என்ற குட்டி ஆக்டோபஸில் பேட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைந்து வரும் வாயுவில்தான் கைகள் அசையும். அதன் பின்னால் இருந்தவர்களில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் வேதியியல்காரர்; ஜெனிபர் லூயிஸ் படித்தது பீங்கான் பொறியியல். இத்தாலியின் பீசாவில் ஆக்டோபஸ் கையை ஆராய்ந்த சிசிலியா லாஸ்கி கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இவர்களில் யாரும் பதினெட்டு வயதில் 'சாஃப்ட் ரோபோட்டிக்ஸ்' என்று பெயர் போட்ட வகுப்பில் உட்காரவில்லை.

அதனால் பளபளப்பான பெயருக்காக ஒரு கல்லூரியில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். என் முதல் தேர்வு மெக்கானிக்கல். இரும்புக் கையின் மூட்டு எத்தனை டிகிரி திரும்பியது என்று ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். ரப்பர் விரல் உடம்பு முழுக்க வளையும். அதைக் கணக்கில் பிடிப்பதுதான் இந்தத் துறையின் பெரிய தலைவலி. திடப்பொருள் இயக்கவியலும் கணிதமும் கையில் இருந்தால் அந்தத் தலைவலியைத் தாங்கலாம். வேதியியல் பிடித்த பிள்ளை என்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ் டெக்னாலஜி இருக்கிறது. கவுன்சலிங்கில் பலர் கண்ணில் படாமல் போகும் பிரிவு அது.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். பி.இ. முடித்த கையோடு 'மென்ரோபோ பொறியாளர்' என்று யாரும் நம்மூரில் ஆர்டர் கொடுப்பதில்லை. இன்றைக்கும் இது பெரும்பாலும் ஆய்வுக்கூடத் துறைதான். 2013-இல் ஒயிட்சைட்ஸின் ஆய்விலிருந்து 'சாஃப்ட் ரோபோட்டிக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் கிளம்பியது. 2024-இல் அது தன் ரப்பர் விரல் வியாபாரத்தை ஜெர்மனியின் ஷ்மால்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, பெயரையும் மாற்றிக்கொண்டு, செயற்கை நுண்ணறிவுக் கேமரா பக்கம் போய்விட்டது. விரலுக்குத் தேவை இல்லாமல் போகவில்லை, அதைச் செய்யும் கை மாறியது. ஆனால் அந்த ஒரு பெயரை மட்டும் நம்பிப் படித்திருந்தால் என்ன ஆகும், யோசியுங்கள். மெக்கானிக்கல் படித்த பிள்ளைக்கு நியூமேட்டிக்ஸ் (காற்றழுத்தத்தில் இயங்கும் கருவிகள்), மருத்துவக் கருவிகள், ரப்பர் மோல்டிங் என்று பக்கத்திலேயே கதவுகள் உண்டு. ஆராய்ச்சிதான் என்று மூன்றாம் வருடத்திலும் மனது மாறவில்லை என்றால் எம்.டெக். சேர்வதற்கான 'கேட்' தேர்வை எழுதட்டும். வெளிநாடு என்றால் உதவித்தொகையோடு வரும் பிஎச்.டி.யைத் தேடட்டும். வீட்டை அடகு வைத்து எம்.எஸ். அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அப்புறம், பாப்பாவுக்கு இது வெறும் வீடியோ பார்த்து வந்த மோகமா என்றும் அந்த அப்பா கேட்டார். பொதுத்தேர்வு முடிந்ததும் ஒரு விரல் செய்யச் சொல்லுங்கள். ஹார்வர்டும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் சேர்ந்து தொடங்கிய 'சாஃப்ட் ரோபோட்டிக்ஸ் டூல்கிட்' தளத்தில் செய்முறை இலவசம். ஏ, பி என்று இரண்டு பாகமாக வரும் சிலிக்கோனைக் கலந்து அச்சில் ஊற்ற வேண்டும். காற்றடிக்க ஊசியில்லாத சிரிஞ்சு போதும். முதல் விரல் பெரும்பாலும் ஒட்டுப்போட்ட இடத்தில் பிய்யும். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு இரண்டு நாளாகியும் சிலிக்கோன் இறுகவே இல்லை. பசை மாதிரி கையில் ஒட்டியது. கலவை சரி, அளவு சரி. கடைசியில் பார்த்தால் அவன் போட்டிருந்த லேடெக்ஸ் கையுறைதான் காரணம். அதிலிருக்கும் கந்தகம், அவன் கலக்கியதைப் போல பிளாட்டினத்தால் இறுகும் வகைச் சிலிக்கோனை இறுக விடாது. காரணம் தெரிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நைட்ரைல் கையுறை வாங்க ஓடினான். இப்போது மெக்கானிக்கல் இரண்டாம் வருடம்.

கலக்குவதற்குப் பழைய பிளாஸ்டிக் டம்ளரைக் கொடுங்கள். சமையலறைப் பாத்திரம் எதையும் தொடக் கூடாது என்று பாப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.