கடைசி பெஞ்சில் உட்காரும் தம்பிகள்

கேள்வி: எங்கள் சபைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்யும், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊர்க்காரத் தம்பிகள் சிலர் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார்கள். பாதிப் பிரசங்கத்தில் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். ஆராதனை முடிந்து சபையில் கொடுக்கும் சாப்பாட்டுக்குத்தான் வருகிறார்கள், அந்தச் சாப்பாட்டை நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. என்ன செய்யலாம் அக்கா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் சாப்பாட்டை நிறுத்த விடாதீர்கள் தங்கச்சி. அப்பத்துக்காகத்தானே என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசுவே கேட்டாரே என்று யாராவது யோவான் 6-ஐ எடுத்துக் காட்டலாம். கேட்டார்தான். ஆனால் அந்த ஜனங்களை வயிறாரச் சாப்பிட வைத்த பிறகுதான் கேட்டார்.

தாமதமாக வருவதற்குக் காரணம் கடையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் அலைமோதும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது, ஆனால் அது எந்த நாள் என்று முடிவு செய்வது முதலாளி. விடியற்காலையில் எழுந்து வெங்காயம் உரித்து, சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, கையில் மசாலா வாசம் போவதற்குள் ஓடி வருகிற பையன் சோற்றுக்காக வருகிறான் என்றால் என்னால் ஏற்க முடியவில்லை, சோறு அவன் கடையிலேயே இருக்கிறதே! மாதத்தில் ஒரு ஞாயிறாவது மதியக் கூட்டம் ஓய்ந்து இரவு வியாபாரம் தொடங்குவதற்குள், நான்கு மணி வாக்கில் ஓர் ஆராதனை வைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த பெஞ்ச். பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், கந்தை உடுத்தியவருக்கு 'நீ அங்கே நில்லு' என்று சொல்லும் சபையை யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் நேருக்கு நேர் கண்டிக்கிறார். வாசலில் கைகுலுக்கி பின்னால் அனுப்பிவிடுவதும் அதே கதைதான். வேலை கொடுங்கள். மலாய்ப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலர் தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள், தமிழ் மீடியத்தில் படித்து வந்த அந்தத் தம்பிகளில் ஒருவர் மளமளவென்று வாசிப்பார். வேதபாட வாசிப்புப் பட்டியலில் பெயரைச் சேருங்கள், கமிட்டியிலும் ஒருவர் உட்காரட்டும்.

புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள், வருகைப் படிவத்தில் ஐசி (அடையாள அட்டை) எண் கேட்காதீர்கள், அவர்கள் சாப்பிடுவதைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போடவே போடாதீர்கள். வேலை பெர்மிட் முடிந்துபோனவருக்கு அந்த ஒரு படமே வினையாகலாம். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருக்கிறார் என்று யாராவது சொன்னால், ஜெபத்தோடு நிறுத்தாமல், 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லி, தெனாகானித்தா மாதிரி தொழிலாளர்களுக்கு உதவும் அமைப்பிடம் கூடவே போங்கள்.

கமிட்டியில் இதையும் சொல்லுங்கள்: இந்த நாட்டுத் தமிழ்ச் சபைகள் பலவும் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்காகத் தொடங்கப்பட்டவை. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை நின்ற பிறகும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்த நம் தாத்தா பாட்டிகள் அவற்றில் உட்கார்ந்தார்கள்.

கேள்வி: திருநங்கை ஒருவர் எங்கள் ஆலயத்துக்கு வரத் தொடங்கியிருக்கிறார். பெண்கள் பக்கம் உட்காருவதைச் சிலர் ஆட்சேபிக்கிறார்கள்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்காரட்டும். ஏசாயா 56-இல் அண்ணகர்களுக்கு, அதாவது விதை நீக்கப்பட்டவர்களுக்கு, தம் ஆலயத்துக்குள்ளேயே இடமும் பெயரும் கொடுப்பதாகக் கர்த்தர் சொல்கிறார். அப்போஸ்தலர் 8-இல் அப்படிப்பட்ட அண்ணகரான எத்தியோப்பிய மந்திரி, ஞானஸ்நானம் பெறத் தடையென்ன என்று கேட்கிறார், பிலிப்பு அவரோடு தண்ணீரில் இறங்குகிறார். ஆட்சேபிக்கிறவர்களிடம் நீங்களே பேசுங்கள், அந்தச் சங்கடத்தை அவர் தலையில் போடாதீர்கள். அடுத்த ஞாயிறு உங்கள் மனைவியை அவர் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள், பாட்டுப் புத்தகம் இல்லையென்றால் சேர்ந்து பார்த்துப் பாடட்டும்.